ஏணியடியில் மூன்று புள்ளி

அந்த ஜேர்மன்காரரை நான் நேரில் காண்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே அவர் கீறிய படம் கொழும்பில் என்னுடைய மேசையில் இருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த பீச் பழ டின் அது. நான் வேலை செய்த அச்சகத்தில் ஒரு நத்தார் பண்டிகைக்கு முதலாளி ஆளுக்கொரு டின் தந்தார். பழத்தை வீட்டில் எல்லோரும் தின்று முடித்தோம். டின்னை நான் எடுத்துக்கொண்டேன், பிரஷ் போட்டு வைக்க.

டின்னைச் சுற்றி ஒட்டியிருந்த லேபிளைக் கிழிக்க மனம் வரவில்லை. பழம் காய்த்த பீச் மரம், அதில் சாத்திய ஏணி, ஏணியில் நிற்கும் ஒருவருடைய கால்கள். முகம் இலைக்குள் மறைந்துவிட்டது. ஏணியின் மூன்றாவது படி உடைந்து கம்பியால் கட்டியிருக்கும். விற்கிற சாமானில் உடைந்த ஏணியைக் கீறுகிற மனிதன் யாராக இருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படம் கீறப் பழகியது இப்படி டின்னையும் தீப்பெட்டியையும் பார்த்துத்தான். மாம்பழ ஜாம் கொம்பனி ஒன்று லேபிள் கேட்டபோது அந்த ஏணியை அப்படியே பார்த்துக் கீறிக் கொடுத்தேன். ஏணியடியில் மூன்று சின்னப் புள்ளிகள் இருந்தன. கல்லாக்கும் என்று நினைத்து அதையும் கீறினேன். களவெடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும்தானே.

மெல்பேர்ணுக்கு நான் வந்தது எழுபதுகளில், எங்கள் நிறத்துக்காரருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கதை பரவிய காலத்தில். மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தேன். என்னுடைய கொழும்புச் சாமான்கள், அந்தப் பிரஷ் டின் உட்பட, ஒரு பெட்டியில் கட்டி அவர்களோடு போயின. முதலில் நான் போய் வேலை பிடிப்பது. நிரந்தர வேலை என்று முதலாளி ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தால், அதைக் காட்டிக் குடும்பத்தை எடுப்பது. திட்டம் அவ்வளவுதான். விமானத்தில் இருந்து யோசிக்க லேசாக இருந்தது.

நகரத்துக்கு வெளியே டண்டினொங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தேன். கூட இருந்தவர் ஊரில் தாவரவியல் படிப்பித்த வாத்தியார். இங்கே வாகனப் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் நிலம் கூட்டிக் கழுவினார். மனிதர் வாயைத் திறந்தால் நான் கொப்பியை எடுப்பேன். எனக்கு ஒரு பழக்கம், ஆட்கள் வாயில் வருகிற நல்ல பேச்சுகளை எழுதி வைப்பது. புத்தகம் படிக்காதவனுக்கு அதுதான் புத்தகம்.

எனக்கு வேலை கிடைத்தது நகரத்துக்குத் தெற்கே, விளம்பரப் படங்கள் செய்யும் ஒரு ஸ்டூடியோவில். நான் படம் கீறுவதில்லை. மற்றவர்கள் படம் கீறி, எழுத்து வெட்டி ஒட்டிய அட்டைகளை அச்சுக்குப் போக முன் துப்புரவாக்குவதுதான் என் வேலை. அச்சுக்காரனின் கமரா தூசியையும் கறுப்பாகத்தான் எடுக்கும். ஆகவே பசைக் கறை, விரல் அடையாளம், வெட்டிய ஓரத்தின் நிழல் எல்லாவற்றுக்கும் மெல்லிய பிரஷால் வெள்ளை மை பூசி மறைக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு வாத்தியார் சொன்னார், "அப்ப அண்ணை, நீங்கள் அங்கை ஊத்தை எடுக்கிறியள். நான் இஞ்சை ஊத்தை எடுக்கிறன். ரெண்டு பேரும் கிளீனர்தான். உங்களுக்கு மட்டும் ஏன் கழுத்திலை ரை?"

"ரை கட்டினால்தான் ஊத்தை பயப்படும்" என்றேன்.

ஸ்டூடியோவில் யன்னலோரக் கதிரை ஜேர்மன்காரருடையது. அறுபதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நெடிய மனிதர். சட்டைக் கையை மடித்து அதற்கு மேலே ரப்பர் பட்டி போட்டிருப்பார். ஒருவருக்கும் காலை வணக்கம் சொல்ல மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "விடிஞ்சது எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார். அவரிடமிருந்து கொப்பியில் ஏறிய முதல் வரி அது. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், அவருடையது ஜேர்மன் ஆங்கிலம், என்னுடையது யாழ்ப்பாண ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. என் பாட்டுக்கு அப்படியே எழுதுகிறேன்.

முதல் கிழமை ஒரு தேயிலைப் பக்கற்றின் படம் என் மேசைக்கு வந்தது. அவர் கீறியது. கோப்பைக்குக் கீழே மூன்று கறுப்புப் புள்ளிகள், முக்கோணமாய், கடுகைவிடச் சின்னதாய். பேனை உதறிய மையாக்கும் என்று வெள்ளை பூசி, காயவைத்து, அனுப்பிவிட்டேன். பின்னேரம் அட்டை திரும்பி வந்தது, ஜேர்மன்காரரின் கையில்.

"இதை ஆர் துப்புரவாக்கினது?"

"நான்தான்."

"நல்ல வேலை. என்னைத் துடைச்சுப் போட்டீர்."

அவர் என் மேசையில் இருந்த பஞ்சை நனைத்து அந்த இடத்தில் இரண்டு தரம் ஒற்றினார். வெள்ளை கரைந்தது. மூன்று புள்ளிகளும் திரும்பி வந்தன.

"பாத்தீரோ? வெள்ளை மறைக்கும், கொல்லாது. கொல்லுறதெண்டால் கத்தி எடுக்க வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் கொப்பியில் எழுதினேன்.

விளம்பரப் படத்தில் கீறியவன் பெயர் போடுவது அங்கே வழக்கமில்லை. படம் கொம்பனிக்கு, கொம்பனி ஸ்டூடியோவுக்கு, கீறியவன் யன்னலோரக் கதிரைக்கு. ஆகவே அவர் எங்காவது ஒரு மூலையில் அந்த மூன்று புள்ளியை வைத்துவிடுவார். ஸ்டூடியோவில் பழைய ஆட்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

"ஏன் மூண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்டெண்டால் தூசி. ரெண்டெண்டால் கண். மூண்டெண்டால் ஆரோ வேணுமெண்டு வைச்சது."

எங்கள் மொழியில் இது ஒரு எழுத்து என்று நான் ஒரு கடதாசியில் ஆய்த எழுத்தைப் போட்டுக் காட்டினேன். உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, இரண்டுக்கும் நடுவே தனியாக நிற்கும் என்று எனக்குத் தெரிந்த இலக்கணத்தைச் சொன்னேன். "அப்ப அது நான்தான்" என்றார். "உங்கட ஆக்கள் கெட்டிக்காரர். என்னைக் காணாமலே எனக்கு எழுத்து வைச்சிருக்கினம்."

அப்போதுதான் எனக்குக் கொழும்பு மேசை ஞாபகம் வந்தது.

"ஐயா, ஒரு பீச் டின்... ஏணி, மூண்டாம் படியிலை கம்பி..."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "அதை எங்கை கண்டனீர்?"

"கொழும்பிலை. என்ர பிரஷ் டின் அதுதான்."

சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாய் நிற்கவில்லை. மாம்பழ ஜாமுக்கு அந்த ஏணியைப் பார்த்துக் கீறியதையும், மூன்று கல்லையும் சேர்த்துக் கீறியதையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கத் தொடங்கிக் கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் பச்சை மை. "அப்ப நான் இலங்கையிலை மாம்பழமும் வித்திருக்கிறன்!"

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு இருவரும் ஒன்றாகத்தான். அவருக்குக் கறுத்தப் பாணும் வெங்காயமும். எனக்கு மாஜரீன் டப்பாவில் சோறும் பருப்பும். என்னுடைய பருப்பை அவர் "மஞ்சள் பசை" என்பார். அவருடைய பாணை நான் "செருப்படி" என்பேன். அந்தப் பாணுக்கும் பருப்புக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதை வந்தது.

லைப்சிக் நகரத்தில் பதினாலு வயதில் கல்லச்சுப் பட்டறையில் சேர்ந்தவர். கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிக் கீற வேண்டும். "அதாலை எனக்கு ஆக்களைப் பின்பக்கத்தாலையும் வாசிக்கத் தெரியும்" என்பார். இருபத்திரண்டு வயதில் சிகரெட், முகப்பூச்சு, கடற்கரை ஹோட்டல் என்று தெருவெல்லாம் அவருடைய போஸ்டர்கள். அங்கே போஸ்டரில் கீறியவன் பெயர் போடுவார்கள். தன் பெயரைப் பார்ப்பதற்காக ட்ராமில் ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடப்பாராம்.

பிறகு போர். போரிலும் போஸ்டர்தான் கீறினார். இதைச் சொன்ன அன்று பாணைப் பாதியில் வைத்துவிட்டார்.

"ஒரு பெரிய காது கீறினன். கவனமில்லாமல் கதைக்கிறவனைக் கண்டால் வந்து சொல்லு எண்டு போஸ்டர். எங்கட வீட்டுக்குக் கீழை மணிக்கூடு திருத்துறவர் ஒருத்தர் இருந்தவர். வாய் ஓயாத மனிசன், உம்மைப் போலை. அவற்ற கதவிலையும் ஒட்டினவங்கள். அடுத்த வசந்தத்திலை கதவு இருந்தது. போஸ்டர் இருந்தது. அவர் இல்லை." மடியில் கிடந்த பாண் தூளைத் தட்டிவிட்டார். பிறகு, "என்ர முழுப்பேரும் கீழை இருந்தது. தெளிவான எழுத்து. எழுத்து எனக்கு எப்பவும் நல்லாய் வரும்."

அதை நான் கொப்பியில் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

போருக்குப் பிறகு கப்பல் ஏறினார். இங்கே முகாமில் வைத்து, இரண்டு வருடம் சொன்ன இடத்தில் சொன்ன வேலை என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். அவருக்குச் சொன்ன வேலை பீச் பழம் பறிப்பது. அவருக்குத் தந்த ஏணியில்தான் மூன்றாவது படி உடைந்திருந்தது. கம்பி கட்டியது அவர் கை. ஓய்வு நேரத்தில் பழப்பெட்டிப் பலகையில் கரியால் கீறிக்கொண்டிருந்ததை டின் அடைக்கும் தொழிற்சாலை மனேஜர் கண்டார். லேபிள் பிறந்தது. அந்த ஓடரை எடுக்க மெல்பேர்ணிலிருந்து போன ஆள்தான் எங்கள் முதலாளி. லேபிளையும் எடுத்துக்கொண்டு, கீறியவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். லேபிள் ஸ்டூடியோவின் பெயரில் போனது. ஏணியடியில் முதல் முறையாக மூன்று புள்ளி வைத்தது அப்போதுதான்.

நான் சேர்ந்த அடுத்த வருடம், விளம்பர ஓவியர் சங்கம் ஒன்று கண்காட்சி வைக்கப் போகிறது, புத்தகமும் போடப் போகிறது என்று கடிதம் வந்தது. இந்த நாட்டு வீடுகளுக்குள் புகுந்த நல்ல லேபிள், நல்ல போஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் கீறியவர் பெயரை அச்சடிப்பார்களாம். பீச் டின்னையும் தெரிந்தெடுத்திருந்தார்கள். முதலாளி படிவத்தில் தன்னுடைய பெயரை நிரப்பி அனுப்பிவிட்டார்.

ஜேர்மன்காரர் சத்தம் போடவில்லை. சங்கத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். அதைத் தபாலில் போட முன் எனக்கு வாசித்துக் காட்டினார். "லேபிளைக் கீறியவன் நான். மூல அட்டை ஸ்டூடியோவில் மேசை லாச்சியில் இருக்கிறது. ஏணியடியில் என் அடையாளம் இருக்கும். வந்து பாருங்கள்." கடைகளில் இருந்த டின்னில் அந்த அடையாளம் இல்லை. சில வருடங்களுக்கு முன் லேபிளின் உயரத்தைக் குறைத்துக் கட்டையாக்கியபோது ஏணியின் அடி வெட்டுப்பட்டுப் போனது. பழைய லேபிள் ஒன்றும் அவரிடம் இல்லை. "டின் லேபிளை ஆர் சேர்த்து வைக்கிறது? நல்ல லேபிள் எண்டால் டின் வெறுமையாகும், வெறும் டின் குப்பைக்குப் போகும்" என்றார்.

"பரிசு கிரிசு தருவினமோ?" என்று கேட்டேன்.

"பரிசு வேண்டாம். ஒரு நல்ல சாமானுக்குக் கீழை என்ர பேர் ஒருக்கா இருக்க வேணும். அந்தக் காதை அழிக்கிறதுக்கில்லை. அது அழியாது. அதுக்குப் பக்கத்திலை இதுவும் இருக்க வேணும்."

சங்கத்திலிருந்து வியாழக்கிழமை ஆள் வந்து அட்டையைப் பார்த்துப் படமும் எடுக்கும் என்று ஸ்டூடியோ விலாசத்துக்கே பதில் வந்தது.

புதன்கிழமை மத்தியானம். ஜேர்மன்காரர் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் பூங்காவுக்கு நடக்கப் போயிருந்தார். முதலாளி என்னைத் தன்னுடைய கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். முதலாளி கெட்ட மனிதர் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் பியர் வாங்குவார், நான் குடிக்க மாட்டேன் என்று எனக்கு மட்டும் இஞ்சிச் சோடா. இந்த நாட்டு வழக்கப்படி எல்லோரும் அவருக்கு 'மேட்', கூட்டாளி.

"மேட், மனிசி பிள்ளையள் எப்ப வருகினம்?"

"உங்கட கடிதம் கிடைச்சால் வருவினம்."

"கடிதம் ரெடி." மேசையில் டைப் அடித்து இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பீச் அட்டை. "நாளைக்கு இதைப் படமெடுக்க வருகினம். இருபது வருசத்து ஊத்தை இதிலை. துப்புரவாக்கித் தாரும். அடிப்பக்கம் விசேஷமாய்ப் பாரும்."

"அடியிலை இருக்கிறது..."

"எது ஊத்தை, எது படம் எண்டு உமக்குத் தெரியாதோ? அதுதானே உம்முடைய வேலை." கதிரையில் சாய்ந்தார். "கேளும் மேட். இந்த டின்னை வித்தது நான். கொம்பனிக்காரனோடை எத்தினை நாள் இருந்து குடிச்சு ஓடர் எடுத்தது நான். அவர் கீறினவர், சரி. கொத்தன் கல்லு வைச்சதுக்காக வீடு கொத்தனுக்கோ? மற்றது, பழைய ஊரிலை அவற்ற பேர் என்னத்துக்குக் கீழை இருந்தது எண்டு ஒருத்தரும் கிண்டாமல் இருக்கிறது அவருக்கும் நல்லதுதானே."

அவர் மிரட்டவில்லை. துப்புரவாக்காவிட்டால் கடிதம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

அட்டையை என் மேசைக்குக் கொண்டு வந்தேன். முதலில் வெள்ளை மைப் போத்தலைத்தான் திறந்தேன். புல்லின் பச்சையைக் கலந்து மேலே பூசிவிட்டால் முதலாளிக்கு வேலை முடிந்தது. நாளைக்கு ஜேர்மன்காரர் பஞ்சை நனைத்து ஒற்றினால் புள்ளி திரும்பி வரும். இருவரையும் காப்பாற்றலாம், என்னையும் காப்பாற்றலாம். அப்படித்தான் நினைத்தேன். பிறகு இன்னொன்று நினைத்தேன். புள்ளி எல்லோர் முன்னாலும் திரும்பி வந்தால், முதலாளி யாரைப் பார்ப்பார்?

போத்தலை மூடிவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

மூன்று புள்ளி. கத்தி முனையைப் படுக்க வைத்து, கடதாசித் தோல் கிழியாமல், தூள் தூளாகச் சுரண்டினேன். கரண்டியின் முதுகால் தேய்த்து மட்டமாக்கினேன். பச்சை தொட்டு வைத்தேன். மேசையில் இருந்த தேத்தண்ணி ஆற முன் வேலை முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த துப்புரவான வேலை அதுதான். கடிதம் அன்று பின்னேரமே கையெழுத்தாகி வந்தது. நன்றி என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

வியாழக்கிழமை சங்கத்து ஆள் கமராவோடு வந்தார். ஜேர்மன்காரர் அன்று ரை கட்டியிருந்தார். அட்டையை யன்னல் வெளிச்சத்தில் வைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். பஞ்சை நனைத்து ஒற்றினார். மறுபடி ஒற்றினார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவினார். சுரண்டிய கடதாசி எவ்வளவு தேய்த்தாலும் விரலுக்குச் சொல்லிவிடும். பதினாலு வயதிலிருந்து கல்லைத் தடவிய விரல்.

நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது அதில்தான்.

"சுத்தமான வேலை" என்றார்.

"அப்ப உங்கட அடையாளம்?" என்று சங்கத்து ஆள் கேட்டார்.

"இல்லை. நான் பிழையாய் நினைச்சிட்டன். வயது."

சங்கத்து ஆள் படமெடுத்துவிட்டுப் போகிற போக்கில், புத்தகத்தில் எழுதுவதற்காக முதலாளியிடம் கேட்டார், மூன்றாவது படியை ஏன் கம்பியால் கட்டியது போலக் கீறினீர்கள் என்று. முதலாளி ஏணியை அன்றைக்குத்தான் பார்ப்பது போலப் பார்த்தார். "அது... ஒரு அழகுக்கு" என்றார்.

ஜேர்மன்காரர் சிரித்தார். பச்சை மை பூசிக்கொண்டு சிரித்த அன்றைய சிரிப்பு இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

எனக்குக் கடிதம் கிடைத்த சந்தோஷத்தில் அன்றிரவு வாத்தியார் ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்திருந்தார். "என்ன அண்ணை, மனிசி வரப்போறா எண்டதும் முகம் செத்த வீடு மாதிரிக் கிடக்கு? இவ்வளவு பயமோ?"

"பல்லு நோகுது" என்றேன். அன்றைக்கு எவ்வளவு இறைச்சி தின்றேன் என்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜேர்மன்காரர் அந்த மாதத்தோடு விலகினார். சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் ஒரு அறை, சுப்பர்மார்க்கெட் ஒன்றில் விலை அட்டை எழுதும் வேலை. இறுதி நாள் பிரஷ்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அந்த மாதம் முழுவதும் நாங்கள் வேறு வேறாகச் சாப்பிட்டோம். இன்றைக்காவது ஏசுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று எழும்பி நின்றேன்.

"உம்மட பிரஷ் டின்னிலை நான் இன்னும் இருக்கிறனோ?"

"ஓம். யாழ்ப்பாணத்திலை, மனிசியிட்டை."

"அங்கை துப்புரவாக்க ஆள் இல்லைத்தானே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கண்காட்சி வாற வருசம் சிட்னிக்கு வருது. புத்தகத்தையும் திருத்தி அடிப்பினமாம்" என்றார். விலாசம் எழுதிய ஒரு துண்டைப் பசைப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மனைவிக்குக் கடிதம் எழுதினேன். விசா அலுவல், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடதாசிகள், குளிருக்குச் சட்டை எல்லாம் எழுதி, கீழே ஒரு வரி: "என்ர பிரஷ் டின்னை மறக்காமல் கொண்டு வாரும். மிச்சம் கவனம்." லேபிளை மட்டும் உரித்துக் கடிதத்துக்குள் வையும் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று எழுதத் தொடங்கினால் புதன்கிழமையிலிருந்து எழுத வேண்டும். பேனை அவ்வளவு தூரம் போகவில்லை. பின்னேரம் முழுக்க ஊர்க்கதை பேசி ஆட்களைச் சிரிக்க வைக்கிற எனக்கு அந்த ஒரு கதை வாயில் வரவில்லை.

அவருக்கும் எழுதினேன். டின் வருகிறது, நானே கொண்டு வருகிறேன், இன்ன நாள், இன்ன ரயில். பதிலுக்கு ஒரு விலை அட்டை வந்தது. சுப்பர்மார்க்கெட்டில் தக்காளிக்கு மேலே செருகி வைப்பார்களே, அந்த மாதிரி அட்டை. சிவப்பு மையில், அளவெடுத்த எழுத்தில், "வாரும். ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்று இருந்தது. கீழே புள்ளி இல்லை. முழுப்பெயர்.

சிட்னிக் கண்காட்சி தொடங்க மூன்று கிழமை இருக்கும்போது மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். சின்னவள் என்னைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள். வீட்டில் வாத்தியார் இடியப்பம் அவித்துச் சொதியும் வைத்திருந்தார். சாப்பிட முன்னமே நான் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு வாய் தண்ணி குடிக்க விடுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே மனைவி பெட்டியைத் திறந்தாள். கூறைச்சேலையை எடுத்தாள். அதற்குள்தான் டின்னைச் சுற்றி வைத்திருந்தாள், குழந்தையைச் சுற்றுவது போல. மடிப்பு மடிப்பாக விரித்தாள்.

டின் பளபளத்தது.

"லேபிள் எங்கை?"

"என்ன லேபிள்?"

"இதிலை சுத்தி ஒட்டியிருந்தது. மரம், ஏணி."

"அந்த ஊத்தைக் கடதாசியோ? மை பிரண்டு, எண்ணை பிடிச்சு. இந்த நாட்டு எயார்போட்டிலை ஊத்தை ஒட்டின சாமான் ஒண்டையும் உள்ளை விடாங்களாம், பறிச்சு எறிவாங்களாம். பக்கத்து வீட்டு அன்ரி படிச்சுப் படிச்சுச் சொன்னவ. நீங்களும் மிச்சம் கவனம் எண்டு எழுதினியள். ரெண்டு நாள் சுடுதண்ணியிலை ஊறப்போட்டு, சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தேச்சனான். பிள்ளையளும் மாறி மாறித் தேச்சவை." டின்னை என் பக்கம் திருப்பினாள். "பாருங்கோ, முகம் தெரியுது."

தெரிந்தது.

அவளை ஏசுவதென்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருவரும் மெச்சுவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அங்கே நிற்பதே அந்தக் கத்தியால்தான்.

"நல்லாய்த்தான் தேச்சிருக்கிறியள்" என்றேன்.

"இனி இதுக்குள்ளை என்ன வைக்கப் போறியள்?"

"பிரஷ்."

"இதுக்கோ இவ்வளவு அந்தரப்பட்டனீங்கள்? இந்த நாட்டிலை டின் இல்லையோ?"

வாத்தியார் சிரித்தார். "தங்கச்சி, அண்ணைக்கு ஸ்டூடியோவிலை வேலையே துப்புரவாக்கிறதுதான். நீங்கள் அவரையும் வெண்டிட்டியள்." பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சிட்னிக்கு நான் போகவில்லை. வரவில்லை என்று எழுதவும் இல்லை. வெறும் டின்னைக் கொண்டு போய் என்ன சொல்வது? நான் எழுதிய நாளில், எழுதிய ரயிலுக்கு அவர் ஸ்டேஷனுக்கு வந்து நின்றாரா என்று எனக்குத் தெரியாது. ஜேர்மன்காரர், நேரம் தவறாதவர். வந்து நின்றிருப்பார். முன்கூட்டியே வாங்கி வைத்த அந்த ரயில் டிக்கெட் கனகாலம் டின்னுக்குள், பிரஷ்களுக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் பார்த்தேன், அதையும் காணவில்லை. மனைவி டின்னைக் கழுவியிருந்தாள்.